அரவேணுதான் பூச்சியம்

கணக்கு டீச்சர் பதில்கள்

(நீலகிரி மலைப்பள்ளிகளில் 38 ஆண்டுகள் கணிதம் கற்பித்து, பாடநூல் குழுக்களிலும் பணியாற்றி, 2023-ல் ஓய்வுபெற்ற கோத்தகிரி ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்து எடை போடும் இடத்தில், ஏஜென்ட் கால்குலேட்டரை எடுப்பதற்குள் இவன் தொகையைச் சொல்லிவிடுகிறான். பள்ளியில் கணக்கில் 100-க்கு 22 மதிப்பெண். இவனுக்குக் கணக்கு வருமா, வராதா?
*ஒரு தாய், கோத்தகிரி அருகே*

வந்துவிட்டது அம்மா. கவலையை முதலில் இறக்கி வையுங்கள்.

தேர்வுத்தாளின் நகலையும் தொலைபேசி எண்ணையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள். அதனால் விடையை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. தாளில் 23 × 18 என்று ஒரு கணக்கு. எட்டால் பெருக்கி 184 என்று சரியாக எழுதியிருக்கிறான். அதற்கு நேர் கீழே, ஓர் இடம் தள்ளாமல், 23 என்று எழுதிக் கூட்டி, விடை 207 என்று கோடு போட்டு முடித்துவிட்டான். ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். வேறொன்றும் எழுதவில்லை.

நான் அவனிடம் கேட்டேன்: “தம்பி, 24 கிலோ கொழுந்து. சாக்குக்கு ஒரு கிலோ கழித்தாயிற்று. கிலோ 18 ரூபாய். கைக்கு எவ்வளவு வரும்?” மூச்சு விடும் நேரத்தில் 414 என்றான். எப்படி என்றேன். “20 கிலோவுக்கு 360. மூன்று கிலோவுக்கு 54. அவ்வளவுதான்.” ஏஜென்ட் 207 ரூபாய் கொடுத்தால் வாங்கிக்கொள்வாயா என்று கேட்டேன். “பத்துக் கிலோவுக்கே 180 வந்துவிடுமே டீச்சர், அது எப்படி?” என்று குரலை உயர்த்தினான். அதே பையன்தான் தாளில் 207 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறான். தாளில் இருந்த 23 அவனுக்குக் கொழுந்தாகத் தெரியவில்லை. பள்ளியில் கணக்கு என்றால் பொருள் பார்க்காமல் செய்யவேண்டிய சடங்கு என்று நாம்தான் அவனுக்குப் பழக்கியிருக்கிறோம்.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் தேங்காயும் எலுமிச்சையும் விற்ற ஐந்து பிள்ளைகளை ஆராய்ந்து 1985-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று கணிதக் கல்வித் துறையில் மிகவும் புகழ்பெற்றது. விற்கும் இடத்தில் அவர்கள் போட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதே எண்களை வாக்கியக் கணக்காகக் கொடுத்தபோது 74 சதவீதம். வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம். ஒரு தேங்காய் 35 குருசேரோ என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று 12 வயதுப் பையன் ஒருவனைக் கேட்டார்கள். மூன்று தேங்காய்க்கு 105, இன்னும் மூன்றுக்கு 210 என்று மும்மூன்றாக ஏறி 350-ஐத் தொட்டான். பத்தால் பெருக்க ஒரு பூச்சியம் சேர்த்தால் போதும் என்று பள்ளியில் சொல்லித்தந்தது அவன் நினைவுக்கே வரவில்லை. நம் நாட்டிலும் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்து 2025-ல் வெளியிட்டார்கள். சந்தைப் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டுமே போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் போட வேண்டியது ஆசிரியரின் வேலை.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். அவன் வாயால் சொன்ன 360-ஐயும் 54-ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். பிறகு 18-ல் இருக்கும் அந்த 1 எத்தனை ரூபாய் என்று கேளுங்கள். பத்து ரூபாய் என்பான். “அப்படியானால் 23 கிலோவுக்கு அந்தப் பத்து ரூபாய் மட்டும் எவ்வளவு?” 230 என்பான். 184-ம் 230-ம் 414. ஓர் இடம் ஏன் தள்ளி எழுதுகிறோம் என்பது அந்த நிமிடம் அவனுக்கே விளங்கும். மனக்கணக்கு மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். இயற்கணிதத்துக்குப் போகும்போது எழுத்து முறை வேண்டும்.

பந்தலூர் பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியன் நான். என் வகுப்பில் பாதிக்கு மேல் பணியர், காட்டுநாயக்கர் குழந்தைகள். கேள்வி கேட்டால் தலை குனிந்துகொள்கிறார்கள். இவர்களுக்கு மட்டும் பாடத்தைக் குறைத்து, எளிய கணக்காகக் கொடுத்தால் போதும் என்று உடன் பணியாற்றுபவர் சொல்கிறார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்.
*இடைநிலை ஆசிரியர், பந்தலூர்*

நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவதால்தான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன்.

சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் எங்களுடையது. 1974-ல் கூடலூர் பக்கம் வந்து சேர்ந்தோம். எனக்கு 11 வயது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டுப் பிள்ளைகளை வகுப்பில் தனி வரிசையில் உட்கார வைத்து, கூட்டலும் கழித்தலும் மட்டும் கொடுப்பார் ஒருவர். மற்றப் பிள்ளைகளின் நோட்டில் எண்களுக்கு நடுவே எழுத்துகள் வருவதைப் பார்த்து, அது என்ன என்று கேட்டேன். “கொழுந்து எடுக்கப் போகிறவளுக்கு அதெல்லாம் எதற்கம்மா, சிரமப்படாதே” என்றார். அன்போடுதான் சொன்னார். அந்த எழுத்துகள் இயற்கணிதம் என்று அறிந்து, அதைப் பிடித்து ஏற எனக்கு மூன்று ஆண்டுகள் அதிகமாயின. என் வரிசையில் இருந்த மற்ற ஆறு பேர் ஏறவே இல்லை. எந்தக் குழந்தைக்கு எவ்வளவு கணக்கு போதும் என்று முடிவு செய்யும் உரிமையை நமக்கு யாரும் தரவில்லை, சார்.

நிலை பிரித்துக் கற்பிப்பது வேறு. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணிப்படியில் ஏறியது. அட்டையைத் தானே எடுத்து, தாழ்வான கரும்பலகையில் எழுதிய குழந்தைகளின் முகம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. ஆனால் “தன் வேகம்” என்று விட்டதில் சில குழந்தைகள் ஒரே படியில் ஆண்டுக்கணக்கில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதம் அரும்பில் இருக்கும் குழந்தை டிசம்பரிலும் அங்கேயே இருந்தால், நாம் நம் கற்பித்தலை மாற்ற வேண்டும்.

அந்த மௌனத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். என் முதல் பணியிடம் கூடலூர் பக்கம். நான்காம் வகுப்பில் ஒரு பணியர் சிறுமி மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. ஒருநாள் பள்ளித் திண்ணையை மூங்கில் கோலால் அளக்கச் சொன்னேன். எல்லாரும் ஏழு கோல் என்று எழுதிவிட்டு ஓடிவிட்டார்கள். இவள் மட்டும் திண்ணையின் ஓரத்தில் குந்தியிருந்தாள். ஏழு கோலுக்குப் பிறகு மிஞ்சிய நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியிலிருந்து ஒரு கொடியைப் பிடுங்கி, கோலின் நீளத்துக்கு நறுக்கினாள். அதை இரண்டாக மடித்தாள். மறுபடி இரண்டாக மடித்துப் பிரித்தாள். மூன்று மடிப்புத் தழும்புகள் தெரிந்தன. மிஞ்சிய இடத்தில் கொடியை வைத்தபோது மூன்றாவது தழும்பு சரியாகத் திண்ணையின் விளிம்பில் வந்து நின்றது. தழும்பை நகத்தால் கிள்ளிப் பிடித்தபடி கொடியை என்னிடம் நீட்டினாள். ஏழேமுக்கால். வகுப்பில் நான் அதுவரை பின்னமே தொடங்கியிருக்கவில்லை.

அந்தக் குழந்தைகளுக்குப் பாடநூல் தமிழும் இன்னொரு மொழிதான். கேள்வி கேட்டதும் பதிலை எதிர்பார்க்காமல், மனத்துக்குள் 20 வரை எண்ணுங்கள். பக்கத்துப் பிள்ளையிடம் தங்கள் மொழியில் சொல்லிப் பார்க்கட்டும். வாயால்தான் பதில் வரவேண்டும் என்று கேட்காதீர்கள். கொடியாகவும் வரலாம்.

என் மகளை அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா? பக்கத்து வீட்டில் எல்லாரும் சேர்த்துவிட்டார்கள்.
*ஒரு தந்தை, குன்னூர்*

அந்தப் பணத்தில் நீளம் அளக்கும் டேப் ஒன்று, ஒரு தராசு, நாலு பகடை வாங்கிக் கொடுங்கள். வேகம் கணக்கின் ஒரு சிறு பகுதிதான். மெதுவாக யோசிக்கும் குழந்தையைத் தனக்குக் கணக்கு வராது என்று நம்ப வைத்ததில் வேகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பொறியியல் முடித்து இரண்டு ஆண்டுகள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். எல்லாக் குழந்தைகளுக்கும் கணக்குப் போய்ச் சேரும்படி பாடத்திட்டம் உருவாக்கும் வேலையில் வாழ்க்கையைச் செலவிட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? நீங்கள் எப்படி வந்தீர்கள்?
*வாசகர், உதகமண்டலம்*

தம்பி, படிப்பைப் பற்றி முதலில் சுருக்கமாக. மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் கணிதக் கல்வியில் ஆராய்ச்சி செய்யலாம். பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. ஆனால் அதற்கு முன்போ பின்போ, ஐந்து ஆண்டுகளாவது ஒரு தொடக்கப் பள்ளியில் சுண்ணக்கட்டி பிடியுங்கள். அது இல்லாமல் எழுதப்படும் பாடம் உடனே தெரிந்துவிடும். அதில் வரும் குழந்தைகள் எல்லாரும் சொன்னதைச் சொன்னபடி புரிந்துகொள்வார்கள்.

2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி ஒரு குழு அமைத்தார்கள். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் அப்போது பேராசிரியராக இருந்த ஆர். ராமானுஜம் அதற்குத் தலைவர். 2006-ல் அச்சான அந்த ஆவணத்தைத் தேடிப் படியுங்கள். கணக்கு என்றதும் குழந்தைகளுக்கு வரும் பயத்தையும் தோல்வியுணர்வையும் முதல் சிக்கலாகவே அது வைக்கிறது. கணிதமாகச் சிந்திக்கப் பழக்குவதே முதன்மையான நோக்கம் என்கிறது. என் மேசையில் அது பல ஆண்டுகள் கிடந்து மூலைகள் மடங்கிவிட்டன.

பாடநூல் குழுவில் வேலை என்பது பெரும்பாலும் ஒரு வாக்கியத்தைப் பற்றி அரைநாள் வாதாடுவதுதான். ஒரு வரைவில் கடைக்காரர், ஓட்டுநர், பொறியாளர் எல்லாரும் ஆண்கள். பெண்கள் லட்டு பங்கு போட்டார்கள். அதை மாற்ற ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. இன்னொன்று அவ்வளவு எளிதாக முடியவில்லை. குறை எண்களை அறிமுகம் செய்ய, பலமாடிக் கட்டடத்தின் மின்தூக்கியை வைத்திருந்தார்கள். தரைத்தளம் பூச்சியம், அடித்தளம் மைனஸ் 1. “எங்கள் ஊரில் மின்தூக்கி கிடையாது” என்றேன். “உங்கள் ஊரில் உறைபனி விழுமே, வெப்பநிலையை வைத்துக்கொள்ளலாம்” என்றார் ஒருவர். உறைபனியை எங்கள் பிள்ளைகள் காலால் மிதித்திருக்கிறார்கள். ஆனால் வெப்பமானியை யாரும் கையில் பிடித்ததில்லை.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் பாப் மோசஸ். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி முகாமில் அறிவியல் இயக்கத்து நண்பர் ஒருவர் அவரைப் பற்றிச் சொல்லியிருந்தார். நியூயார்க்கின் ஹார்லெமில் 1935-ல் பிறந்த கறுப்பின ஆசிரியர். 1960-களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உயிரைப் பணயம் வைத்தவர். பிறகு தான்சானியாவில் கணித ஆசிரியராக இருந்தார். நாடு திரும்பியபின், எட்டாம் வகுப்புக்குப் போன தன் மகளின் பள்ளியில் இயற்கணிதம் இல்லை என்று கண்டு, தானே வகுப்பில் உட்கார்ந்து கற்பிக்கத் தொடங்கினார். 1982-ல் அதுவே ‘அல்ஜீப்ரா ப்ராஜெக்ட்’ ஆயிற்று. ஒரு காலத்தில் வாக்குரிமை எப்படியோ, அப்படி இன்று இயற்கணிதம் என்பது அவர் கொள்கை. அது இல்லாதவரை நல்ல வேலைகளின் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். 2021-ல் மறையும்வரை அதைச் சொல்லிக்கொண்டும் செய்துகொண்டும் இருந்தார்.

அவர் பிள்ளைகளைப் பாஸ்டன் நகரின் சுரங்க ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போவார். திரும்பிவந்து பயணத்தைப் படமாக வரையச் சொல்வார். பிறகு தங்கள் பேச்சுமொழியில் அதை விவரிக்க வேண்டும். அடுத்து அதில் எது முக்கியம் என்று பொறுக்கி, ஒழுங்கான மொழியில் சொல்ல வேண்டும். குறியீடு கடைசியில்தான் வரும். நம் புத்தகங்களில் குறியீடு முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எங்களிடம் சுரங்க ரயில் இல்லை, பஸ் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் 26 பேரைக் கோத்தகிரி–மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றினேன். குஞ்சப்பனை வரை போய்த் திரும்பினோம். மறுநாள் தரையில் நீளமாகக் காகிதம் விரித்து நிறுத்தங்களை வரைந்தார்கள். நடுவில் ஒன்றைப் பூச்சியமாக வைக்க வேண்டும். பாதிப் பேர் அரவேணுக்காரர்கள் என்பதால் அரவேணுதான் பூச்சியம் என்று முடிவாயிற்று. எந்தப் பக்கம் மிகை, எந்தப் பக்கம் குறை என்பதில் சண்டை மூண்டது. “மலை ஏறும் பக்கம்தான் பிளஸ்” என்றான் ஒருவன். பின்வரிசையில் இருந்த பெண் எழுந்து, “சந்தை, பெரிய ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாம் கீழேதான் இருக்கிறது. கீழேதான் பிளஸ்” என்றாள். நான் தலையிடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவர்களே வந்தடைந்த இடம் இதுதான்: எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், வைத்தபின் மாற்றக்கூடாது. கணிதத்தில் வரையறை என்பது என்ன என்று நான் ஆண்டுக்கணக்காகச் சொல்லி விளங்காதது அன்று விளங்கியது.

வாக்கெடுப்பில் மலைப்பக்கம் மிகை ஆயிற்று. மேலே மூன்றாவது நிறுத்தத்திலிருந்து கீழே நான்காவது நிறுத்தத்துக்குப் போனால் எத்தனை நிறுத்தம், எந்தத் திசை? விரலால் தொட்டு எண்ணி “ஏழு, கீழே” என்றார்கள். போய்ச்சேர்ந்த இடத்திலிருந்து புறப்பட்ட இடத்தைக் கழிக்க, –4 – 3 = –7. எத்தனை என்ற கேள்வியோடு எந்தப் பக்கம் என்ற கேள்வியும் சேர்ந்தால்தான் கழித்தல் குறை எண்ணாக மாறுகிறது. இதுவும் பாப் மோசஸ் சொல்லித்தந்ததுதான். எங்கள் பிள்ளைகள் அதை அரவேணுவில் கண்டுகொண்டார்கள்.

குழுவில் இதைச் சொன்னேன். அரவேணுவை எல்லா மாவட்டத்துக்கும் அச்சடிக்க முடியாது என்றார்கள். நியாயம்தான். “உங்கள் ஊர்ப் பஸ் வழித்தடத்தை வரைக. பூச்சியம் எது என்று நீங்களே முடிவு செய்க” என்று இரண்டு வரி சேர்க்கும்படி கேட்டேன். மின்தூக்கியே நின்றது. தோற்றுத்தான் ஊர் திரும்பினேன். இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்றால் இப்படிப் பல முறை திரும்ப வேண்டியிருக்கும், தம்பி. நான் அந்த இரண்டு வரியைப் பயிற்சிக்கு வந்த ஒவ்வோர் ஆசிரியரின் நோட்டிலும் எழுத வைத்தேன்.

தோடர் பூத்தையலை வைத்துக் கணிதம் கற்பிக்கலாம் என்று ஒரு கருத்தரங்கில் சொல்லக் கேட்டேன். நல்ல யோசனைதானா?
*ஆசிரியப் பயிற்சி மாணவி, உதகமண்டலம்*

யார் கற்பிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் தையலுக்கு வரைபடமே கிடையாது. குறுக்கிலும் நெடுக்கிலும் நூலை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. துணியை இரண்டு பக்கமும் போர்த்தலாம். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சமச்சீர், மடங்கு, அச்சிலிருந்து உள்ள தூரம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் புத்தகத்தில் ஒரு படம் போட்டு “இவர்களிடமும் கணிதம் இருக்கிறது பாருங்கள்” என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. தையல் போடும் ஒருவரை உரிய ஊதியம் கொடுத்து வகுப்புக்கு அழையுங்கள். அவர் எண்ணும் விதத்தைப் பிள்ளைகள் கேட்கட்டும். பிறகு கட்டத்தாளில் அதே உருவை வரைந்து, ஒரு புள்ளியின் இடத்தை எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவுகள் வரை கொண்டுபோங்கள். வெவ்வேறு மக்களின் கணித மரபுகளை ஆராயும் இன மரபுக் கணிதம் என்ற துறைக்கு வழிவகுத்த பிரேசில் நாட்டு உபிரடான் டி அம்பிரோசியோவும் மக்களின் அறிவை மதிப்பது பற்றித்தான் பேசினார். அதை அலங்காரமாக்கச் சொல்லவில்லை.

வயது 65. மூன்றாம் வகுப்பு. இதைப் பேத்தி எழுதுகிறாள். ஒருவரிடம் 10,000 ரூபாய் கடன் வாங்கினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 1,100 வீதம் பத்து மாதம். எங்கள் மகளிர் குழுவிலும் ஒரு ரூபாய் வட்டிதான். இரண்டும் ஒன்றுதான் என்கிறார் அவர். எனக்கு ஏதோ இடிக்கிறது. இந்த வயதில் கணக்குப் படிக்க முடியுமா?
*ஒரு பாட்டி, கோத்தகிரி அருகே*

அக்கா, இடித்தது சரியான இடத்தில்தான். பத்துக் கூழாங்கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல் ஆயிரம் ரூபாய். முதல் மாதம் பத்துக் கல்லும் உங்கள் கையில். வட்டி 100. ஒரு கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். இரண்டாம் மாதம் ஒன்பது கல்தான் கையில் இருக்கிறது, வட்டி 90. அடுத்து 80, 70 என்று குறைந்து, கடைசி மாதம் ஒரு கல்லுக்கு 10. முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் சேர்த்தால் 110. இரண்டாவதும் ஒன்பதாவதும் சேர்ந்தால் அதுவும் 110. இப்படி ஐந்து ஜோடி, மொத்தம் 550 ரூபாய். குழுவில் மிச்சமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் நீங்கள் கட்டுவது இதுதான்.

இவருக்கு மாதம் 100 வீதம் பத்து மாதத்துக்கு 1,000 கட்டுகிறீர்கள். திருப்பிக் கொடுத்த கல்லுக்கும் சேர்த்து வட்டி வாங்குகிறார். 450 ரூபாய் வித்தியாசம். இரண்டுக்கும் பெயர் “ஒரு ரூபாய் வட்டி”தான். அடுத்த முறை கடன் வாங்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: “முழு அசலுக்கா, மிச்ச அசலுக்கா?”

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கோத்தகிரி நூலகத்தில் இருப்பேன். பேத்தியோடு, தவணை எழுதிய நோட்டையும் குழுவின் பாஸ் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். உங்கள் லயத்தில் வேறு யாருக்காவது இதே தவணை ஓடிக்கொண்டிருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். கல் நான் கொண்டுவருகிறேன்.